சின்னராசுவின் முழங்கால்

சித்தேரிப்பாக்கத்தில் அருள்தாஸ் என்ன படிக்கிறான் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். கம்பவுண்டர் படிப்பு என்பார்கள் சிலர். டிரில் மாஸ்டர் படிப்பு என்பார்கள் சிலர். அவனைப் பெற்ற மார்த்தாள் நடவு வயலில் கேட்டவர்களுக்கெல்லாம், "டாக்டருக்குத்தான் படிக்கிறான். ஆனா ஊசி போட மாட்டான்" என்று சொல்லிவந்தாள். ஊசி போடாத டாக்டர் வேறு என்னதான் செய்வான் என்று யாராவது கிண்டினால், அவள் நாற்று முடியை அவிழ்ப்பதில் மும்முரமாகிவிடுவாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பது அவள் மகனுக்கே சேர்ந்த அன்றைக்குத்தான் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து செங்கல்பட்டில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவன். பிளஸ் டூவில் நல்ல மார்க்தான், ஆனாலும் டாக்டர் சீட்டுக்கு ஏழு மார்க் குறைந்துபோனது. மதராஸில் அப்ளிகேஷன் கவுண்டருக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா, அழுகிற முகத்தோடு நின்றவனைப் பார்த்து இரக்கப்பட்டு, "பிசியோதெரபின்னு ஒண்ணு இருக்கு, யாரும் சேர மாட்டேங்கறாங்க, சேர்றியா?" என்று கேட்டார். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதை வாங்கிக்கொண்டு பழக்கப்பட்ட பரம்பரை. அருள்தாஸும் சரி என்றுவிட்டான்.

சேர்ந்த பிறகு படிப்பு அவனுக்குப் பிடித்துவிட்டது. எலும்பு முறிந்தவர்கள், வாதத்தில் விழுந்தவர்கள், விளையாட்டில் அடிபட்டவர்கள், இவர்களையெல்லாம் மருந்து மாத்திரை இல்லாமல், தினமும் இத்தனை தடவை காலைத் தூக்கு, இத்தனை தடவை கையை மடக்கு என்று செய்யவைத்தே பழைய ஆளாக்கிவிடலாம் என்பதுதான் அந்தப் படிப்பின் சாரம். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவனுக்குப் பட்டது. எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் அவனவன் கால் குணமாக அவனவன்தான் வியர்க்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் அடுத்தவன் நிலத்துக்காக வியர்த்ததைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது வேதவாக்கு மாதிரி இருந்ததில் ஆச்சரியமில்லை.

கடைசி வருஷத்தில், எண்பத்தைந்தாம் ஆண்டு, வந்தது வினை. விளையாட்டுக் காயமும் மறுவாழ்வும் என்று ஒரு பாடம். நடத்தியவர் பேராசிரியர் பாண்டுரங்கன், காலையில் சட்டையைக் கசங்காமல் போட்டுக்கொண்டு வந்து மாலையில் கசங்காமல் போட்டுக்கொண்டு போகிற மனிதர். ஒவ்வொரு மாணவனும் அடிபட்ட ஒரு விளையாட்டு வீரனைப் பிடிக்க வேண்டும். எட்டு வாரம் பயிற்சி கொடுத்து வாராவாரம் அளவெடுத்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். பரீட்சையன்று அந்த வீரனையே நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆள் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் இன்னொரு வருஷம், அந்த இன்னொரு வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் மதராஸில் ஒரு வாரம்கூட அருள்தாஸால் இருக்க முடியாது.

கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருவனுடைய மாமா கிரிக்கெட் கிளப்பில் மெம்பர், இன்னொருவனுக்கு ஹாக்கி ஆடுகிற அண்ணன். பாக்கியிருந்த கால்பந்து முழங்கால்களையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அருள்தாஸ் இரண்டு கிளப்களுக்குப் போனான். முதல் கிளப்பில் வாட்ச்மேனைத் தாண்ட முடியவில்லை. இரண்டாவதில் வாட்ச்மேனைத் தாண்டினான், ஆனால் அவனை டென்னிஸ் பந்து பொறுக்க வந்தவன் என்று நினைத்து மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் ஊரிலிருந்து செய்தி வந்தது. காணும் பொங்கல் சடுகுடு ஆட்டத்தில் ராஜாராம் மகன் சின்னராசுவுக்கு வலது முழங்கால் பிசகிவிட்டதாம். அடுத்தவன் கால் உடைந்ததற்கு சந்தோஷப்படக் கூடாது என்று போர்டிங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அருள்தாஸ் அதை மறந்துவிட்டுச் சனிக்கிழமை பஸ் ஏறினான்.

ராஜாராம் என்பவர் சித்தேரிப்பாக்கத்துப் பழைய மணியக்காரர். அரசாங்கம் அந்தப் பதவியையே ஒழித்து நாலு வருஷம் ஓடிவிட்டது, ஊர் மட்டும் இன்னும் ஒழிக்கவில்லை. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் நல்ல நிலமெல்லாம் அவருடையது. சடுகுடு டீமுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆடுகிற இடம் அவருடைய களம். அதனால் கேப்டனும் அவருடைய மகனாக இருந்தான். சின்னராசு நல்ல பையன், யார் வம்புக்கும் போகாதவன். அவனைத் தொட்டுப் பிடிப்பதற்கு எதிராளிகள் கொஞ்சம் யோசித்ததால் நாலு வருஷமாக அவன் பெரிய ஆட்டக்காரன் என்று பேர் எடுத்திருந்தான். இந்தப் பொங்கலுக்குச் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த டீமுக்கு மணியக்காரர் யாரென்று தெரியாது. அங்கேதான் கால் போயிற்று.

அருள்தாஸ் போனபோது முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் போட்ட கட்டோடு சின்னராசு களத்துக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். காலனி ஆள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் வைத்தியத்துக்குக் கொட்டகைதான் இடம். காலைத் தொடுவது பற்றி அருள்தாஸுக்குத்தான் தயக்கம், அவர்களுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குள் நுழையத் தீட்டு உண்டு, கால் பிடித்துவிடத் தீட்டு கிடையாது. அந்தச் சட்டம் அவன் பிறப்பதற்கு முன்பே அமலில் இருந்தது.

"கட்டு பிரிச்சாவணும்" என்றான் அருள்தாஸ். ராஜாராமை ஐயா என்று கூப்பிட அவனுக்கு இப்போது நாக்கு வரவில்லை. சார் என்றால் அவர் கிண்டல் என்று எடுத்துக்கொள்வார். அதனால் அவரிடம் எல்லாப் பேச்சையும் நடுவிலிருந்து ஆரம்பிப்பான். "ரெண்டு வாரம் போவட்டும். அப்புறம் பிரிச்சிட்டு எக்சர்சைஸ் ஆரம்பிக்கலாம்."

"கட்டு இல்லாம ஒரு வைத்தியமா?" என்றார் ராஜாராம். "எலும்பு சேர வேணாவா?"

"எலும்பு ஒடையல. உள்ள சவ்வு கிழிஞ்சிக்கீது. தொடைச் சதைய ஏத்துனா கால் நிக்கும். தெனம் மூணு வேள பண்ணணும்."

அவர் யோசித்தார். மகனை அடுத்த பொங்கலுக்குக் களத்தில் இறக்கிச் செய்யாற்றுக்காரனைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். மதராஸிலிருந்து ஒரு படிப்பே தேடி வந்திருக்கிறது. "சரி, இன்னா பண்ணணும்னு சொல்லு, பண்ணிப்புடலாம்" என்றார். அந்த வார்த்தையை அருள்தாஸ் கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை கட்டைப் பிரித்தான். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தது போன்ற ஒரு கருவியை வைத்து முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்த்தான். முட்டிக்கு மேலே ஒரு சாண் விட்டு இன்ச் டேப்பால் தொடையைச் சுற்றி அளந்தான். வலது தொடை இடதை விட இரண்டு அங்குலம் வற்றியிருந்தது. ஏரி மணலைத் துணிப்பையில் நிரப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு காலை நீட்டித் தூக்கும் பயிற்சியைக் காட்டினான். வேளைக்கு முப்பது தடவை. செய்யச் செய்ய டிக் அடிக்க ஒரு அட்டை எழுதிக் கட்டில் காலில் தொங்கவிட்டான். சின்னராசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பக்கத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த பண்ணையாள் பச்சமுத்துவும் நின்று கவனித்தான்.

அடுத்தடுத்து நாலு சனிக்கிழமை. அட்டையில் ஒரு டிக்கூடப் பாக்கியில்லை. தொடையில் ஒரு நூல்கூட ஏறவில்லை.

"பண்றீங்களா?" என்று கேட்டான் அருள்தாஸ்.

"பண்ணிக்கினுதான் கீறோம்" என்றான் சின்னராசு, கண்ணைப் பார்க்காமல்.

"ஒரு வேள தப்பல. நானே எதிர்ல குந்தி எண்றேன்" என்றார் ராஜாராம், கண்ணைப் பார்த்து.

அருள்தாஸுக்குத் தூக்கம் போயிற்று. புத்தகத்தில் பொய் இருக்கும் என்று அவனால் நினைக்க முடியவில்லை. மணியக்காரர் பொய் சொல்வார் என்றும் தோன்றவில்லை. அவருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்? தான் சொல்லிக்கொடுத்ததில்தான் கோளாறு என்று முடிவு செய்து லைப்ரரியில் உட்கார்ந்து கெண்டைக்கால் சதையிலிருந்து தொடைச்சதை வரை மறுபடி படித்தான்.

ஐந்தாம் வாரம் காலேஜில் ஸ்டிரைக். புதன்கிழமையே ஊருக்கு வந்துவிட்டான். நேரே கொட்டகைக்குப் போனான். கயிற்றுக் கட்டிலில் சின்னராசு ஒருக்களித்துப் படுத்து டிரான்சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தான். கீழே கோணிமேல் பச்சமுத்து மல்லாந்து கிடந்தான். கணுக்காலில் மணல் பை. வலது காலை விறைப்பாக நீட்டித் தூக்கி, நிறுத்தி, இறக்கினான். எதிரில் நாற்காலியில் ராஜாராம் உட்கார்ந்து, "இருவத்தி மூணு. ஏமாத்தாத, மேல தூக்கு. இருவத்தி நாலு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது ஆனதும் எழுந்து அட்டையில் டிக் அடித்தார்.

அருள்தாஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இது இன்னா?" என்று மட்டும் கேட்டான்.

"நீ சொன்னதுதான்" என்றார் ராஜாராம். "புள்ளைக்கு ஒடம்பு அசதியாக் கீதுன்னான். அதான் இவன வச்சிப் பண்றது. எண்ணிக்கை கொறையல."

"சின்னராசு கால் சரியாவணும்னா சின்னராசுதான பண்ணணும்?"

ராஜாராம் அவனைப் பாவம் என்பது போலப் பார்த்தார். "ஏம்ப்பா, போன வருசம் என் சம்சாரம் காய்ச்சல்ல கெடந்தப்போ திருப்பதிக்கு நடந்து வரேன்னு வேண்டிக்கினா. நடந்தது யாரு? பச்சமுத்து. மொட்ட அடிச்சிக்கினது யாரு? பச்சமுத்து. அவளுக்குக் காய்ச்சல் நின்னுச்சா இல்லியா? பெருமாளே ஒத்துக்கினாரு. உன் காலேஜி ஒத்துக்காதா?"

 அருள்தாஸ் சதை என்றான், நரம்பு என்றான், ரத்த ஓட்டம் என்றான். ராஜாராம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, நாளையிலிருந்து அவனையே பண்ணச் சொல்கிறேன் என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார். ஆனால் சின்னராசுவுக்கு விருப்பமில்லை. அப்பா நெல்லளக்கப் போனதும் அவன் அருள்தாஸை அருகில் கூப்பிட்டு, "அருளு, எனக்கு ஆட்டமே புடிக்காதுப்பா. நைனாவுக்காகத்தான் ஆடினேன். இந்தக் கால் இப்பிடியே கெடந்தா எனக்கு நிம்மதி. பேஜார் பண்ணாத" என்றான். அவன் சொன்ன விதத்தில் அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

இந்த வாரம் போனால் மீதி மூன்று வாரம். வேறு ஆள் பிடிக்க நேரமில்லை. எட்டு வாரக் கட்டங்கள் அச்சிட்ட நோட்டில் நாலு வரிசை நிரம்பி, நாலிலும் ஒரே அளவு இருந்தது. களத்து ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் பச்சமுத்து வந்து குந்தினான். குந்தினான் என்றால் முழுசாகக் குந்தினான், குதிகாலில் பிட்டம் படுகிற அளவுக்கு. அருள்தாஸ் அதைப் பார்த்தான். பச்சமுத்துவின் வலது காலும் கொஞ்சம் கோளாறு என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். வரப்பில் நடந்தால் அந்தக் காலை இழுத்துப் போடுவான். சாப்பிடக்கூட அதை நீட்டி வைத்துத்தான் உட்காருவான்.

"அண்ணே, இப்பிடி உக்கார வருதா ஒனக்கு?"

"அதத்தான் சொல்ல வந்தேன்" என்றான் பச்சமுத்து. வயது இருபத்தாறோ இருபத்தேழோ, ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவன். "மொதல்ல அவுரு சொல்றாரேன்னு பண்ணேன். பத்து நாளு போவ வலி கொறைஞ்சிச்சி. இப்ப மூட்ட தூக்கினா கால் மடங்கறதில்ல. நல்ல வைத்தியம்பா உன்து. சின்னய்யாவுக்குத்தான் இன்னும் புடிபடல."

அருள்தாஸ் கருவியை எடுத்தான். சும்மா பார்க்கத்தான் எடுத்தான், அப்படித்தான் பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மடக்கு நூற்று முப்பது டிகிரி. தொடை, நல்ல காலைவிட அரை அங்குலம்தான் குறைவு. புத்தகத்தில் ஐந்தாம் வாரத்துக்கு என்ன போட்டிருந்ததோ அதே எண். நாலு வருஷம் படித்ததில் அவன் பார்த்த முதல் வெற்றி அதுதான். சந்தோஷத்தில் பச்சமுத்துவின் காலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆளையே நோட்டில் எழுதிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. உடனே பாண்டுரங்கன் சாரின் கசங்காத சட்டை ஞாபகம் வந்தது. விளையாட்டு வீரன் வேண்டும். பண்ணையாளுக்கு எந்த விளையாட்டு? ஏரோட்டி, மூட்டை தூக்கிக் கெட்ட முழங்காலை எடுத்துக்கொண்டு போனால் இது வேறு பாடம் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் ஒரு வருஷம், ஸ்காலர்ஷிப், அம்மா. ஐந்தாம் வாரக் கட்டத்தில் பச்சமுத்துவின் தொடை அளவு போய் உட்கார்ந்தது. மேலே பெயர் இருந்த இடத்தில் சின்னராசு, தகப்பனார் பெயர் ராஜாராம், விளையாட்டு கபடி என்று முன்பே மசியில் எழுதியிருந்தது. அதை அவன் மாற்றவில்லை.

உழைப்பு ஒருவனுடையது, பேர் இன்னொருவனுடையது என்பது சித்தேரிப்பாக்கத்தில் புதுசு இல்லை. காலனியிலிருந்து முதல் முதலாகக் காலேஜ் போன ஒருவன் அதைத் தன் கையாலேயே எழுதியதுதான் புதுசு. அருள்தாஸுக்கு அது உறைக்காமல் இல்லை. உறைத்தது. உறைத்துக்கொண்டே ஆறாம் வாரத்தையும் ஏழாம் வாரத்தையும் எட்டாம் வாரத்தையும் எழுதி முடித்தான். மாட்டுத் தொழுவத்து மறைவில் பச்சமுத்துவுக்குப் புதிது புதிதாகப் பயிற்சி கொடுத்தான். படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, பக்கவாட்டில் தாவுவது. பச்சமுத்து ஒன்றுவிடாமல் செய்தான். மனிதர்களில் இவ்வளவு நல்ல நோயாளி கிடைப்பது அபூர்வம்.

ஆளை நேரில் நிறுத்த வேண்டுமே, அதுதான் மிச்சம். பச்சமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பதிக்கு ஒரு தடவை போனது போல மதராஸுக்கு ஒரு தடவை, அவ்வளவுதானே என்றான். ராஜாராமிடம் ஒரு நாள் ஆளை விடும்படி கேட்டதற்கு, மகனுடைய வேலையாகத்தானே போகிறான் என்று அவரே மகனுடைய பழைய பேன்ட், சட்டை, டீம் பனியன் எல்லாம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலேஜ் பரீட்சை ஒன்று அவருக்கு முழுசாகப் புரிந்தது.

ஏப்ரல் மாதம், விடியற்காலை பஸ். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத், அங்கிருந்து மதராஸ். வழியெல்லாம் அருள்தாஸ் பாடம் நடத்தினான்.

"உன் பேரு இன்னா?"

"சின்னய்யா."

"அது கூப்பிட்ற பேரு. முழுப் பேரச் சொல்லு."

"அது எப்பிடிப்பா. பேரச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

"இன்னிக்கி ஒரு நாளு சொல்லு."

பச்சமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி வாயை அசைத்துப் பார்த்தான். சத்தம் வரவில்லை. "அப்பா பேரு?" என்றதும் அவன் தோளில் இல்லாத துண்டை எடுக்கக் கை போனது. எட்டு வாரத்தில் ஒரு முழங்காலைச் சரிபண்ணிவிடலாம், ஒரு பஸ் பயணத்தில் நாக்கைச் சரிபண்ண முடியாது என்று அருள்தாஸுக்குத் தாம்பரம் தாண்டும்போது விளங்கியது.

பரீட்சை ஹாலில் நீளமான மேசை. கிரிக்கெட் தோள்பட்டைகளும் ஹாக்கிக் கணுக்கால்களும் பவுடர் வாசனையோடு வரிசையில் உட்கார்ந்திருந்தன. அருள்தாஸின் முறை வந்தது. பாண்டுரங்கன் நோட்டைப் புரட்டினார். கிராஃபைப் பார்த்தார். நாலு வாரம் தரையோடு தரையாகக் கிடந்த கோடு ஐந்தாம் வாரத்தில் ஒரேயடியாக எழுந்து நின்றது. "இன்ட்ரஸ்டிங். முதல்ல ரெஸ்பான்ஸே இல்ல, அப்புறம் திடீர்னு. என்ன செஞ்சே?"

"பேஷண்டோட ஒத்துழைப்பு மாறிச்சி சார்" என்றான் அருள்தாஸ். அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பாண்டுரங்கன் பச்சமுத்துவைப் பார்த்து, "பேர் என்னப்பா?" என்றார்.

பச்சமுத்து எழுந்து நின்றான். வியர்த்தது. எச்சில் விழுங்கினான். அருள்தாஸின் நாலு வருஷமும் அந்த எச்சிலோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"சின்னராசு அவுங்கங்க" என்றான்.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. பாண்டுரங்கனே சிரித்துவிட்டார். "பரவாயில்லையே, தனக்குத் தானே மரியாதை குடுத்துக்கற பேஷண்டை இப்பதான் பாக்கறேன்" என்றார். கிராமத்துப் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை. காலை மடக்கிப் பார்த்தார். முட்டியை இழுத்துப் பார்த்தார். "சரி, ஆட முடியுதா? கொஞ்சம் செஞ்சு காட்டு."

இதை அருள்தாஸ் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பக்கவாட்டில் நாலு தாவல் போதும் என்று கண்ணைக் காட்டினான். பச்சமுத்து அவனைப் பார்க்கவில்லை. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினான். சடுகுடு சடுகுடு என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு ஹாலின் நடுவில் இறங்கினான். தோள் ஒரு பக்கம் போகிறது, கால் வேறு பக்கம் போகிறது. வலது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பி இடது காலைப் பின்னால் வீசினான், மேசை ஓரத்தில் நின்ற அட்டெண்டர் பயந்து விலகினார். மூச்சு விடாமலே பின்வாங்கிக் கோட்டில் வந்து நின்றான். ஹாக்கிக் கணுக்கால் ஒருவன் கைதட்டினான். களத்து ஓரத்தில் நின்று வருஷா வருஷம் பார்த்ததை மனசில் வாங்கி வைத்திருக்கிறான், நல்ல புத்தி என்று அருள்தாஸ் நினைத்துக்கொண்டான்.

பாண்டுரங்கன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நின்று நிதானித்து எழுதினார். இனி வருகிற மாணவர்களுக்கு மாதிரியாக இந்த நோட்டை டிபார்ட்மெண்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அருள்தாஸ் வகுப்பில் முதலாவதாக வந்துவிடுவான் என்று பக்கத்திலிருந்தவன் கிசுகிசுத்தான். வந்தான்.

திரும்பும்போது வாலாஜாபாத்தில் இறங்கி உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றார்கள். நாலு மணி வெயில். அருள்தாஸ் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தான். பெரிய நன்றி ஒன்று சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பச்சமுத்து டீயை ஆற்றிக்கொண்டே பாலாற்றுப் பக்கம் பார்த்தான். முகம் ஒரு மாதிரி தெளிந்திருந்தது.

"எத்தினி வருசம் ஆச்சி" என்றான்.

"இன்னாது?"

"சடுகுடு பாடிப் போயி. கலியாணத்துக்கு முன்ன போனது."

அருள்தாஸ் போண்டாவை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினான். பச்சமுத்து கல்யாணமாகி மாமியார் வீட்டோடு இருக்கச் சித்தேரிப்பாக்கத்துக்கு வந்தவன் என்பது தெரியும். பிறந்த ஊர் திருப்புட்குழிப் பக்கம் என்பதும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"நீ ஆடுவியா அண்ணே?"

"எங்க காலனி டீமுல நான்தான் மொத ஆளு. ஊர்க்காரங்க களத்துல எங்கள வுட மாட்டாங்க. இங்க ஆத்து மணல்லதான் ஆட்டம். ஏழு ஊரு காலனிக்காரங்க வருவாங்க. கடேசி வருசம் மூணு பேரு என் காலக் கவ்விக்கினானுங்க. வலது முட்டி உள்ள பட்டுன்னு சத்தம். வுடல நானு, இழுத்துக்கினு வந்து கோட்டத் தொட்டேன். செயிச்சிட்டோம்." அவன் முழங்காலைத் தட்டிக் காட்டினான். "அன்னிக்கிப் போனதுதான் இது."

அருள்தாஸ் கையிலிருந்த போண்டாவைத் தட்டில் வைத்தான். நோட்டின் முதல் பக்கத்தில், பெயருக்கும் வயதுக்கும் கீழே, காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம் உண்டு. எந்த நோயாளியிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பச்சமுத்துவின் காலை மூன்று வாரம் மடக்கி, நீட்டி, அளந்து, ஒரு தடவைகூட அவன் அதைக் கேட்கவில்லை. பண்ணையாளின் முழங்கால் பண்ணை வேலையில்தான் கெட்டிருக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ராஜாராமுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே. அவமானமாக இருந்தது.

"ஏன் அண்ணே எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேப்பா."

உத்திரமேரூர் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. இவர்கள் இரண்டு பேரும் ஏறாமல் நின்றார்கள். பச்சமுத்து டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, சின்னராசுவின் பேன்ட்டில் கையைத் துடைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டு உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக் காயவைத்தான்.

"ஆட்டத்துல அடிபட்ட ஆளுதான் வேணுமா உங்க காலேஜிக்கு?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்ப என் பேரையே எழுதி இருக்கலாமேப்பா" என்றான் பச்சமுத்து. "அதுன்னா எனக்குச் சொல்ல வந்திருக்கும்."